டிராக்டரில் பொருத்தும் பேக்ஹோ: வாங்கினால் கட்டுப்படியாகுமா?

(உழவர் பயிற்சி வகுப்பில் நிகழ்த்திய உரை)



உழவு முடிந்த பிறகு டிராக்டர் கொட்டகையில் சும்மா நிற்கிறது. வங்கித் தவணையோ சும்மா நிற்பதில்லை. இந்த நிலையில், டிராக்டரின் பின்புறம் மண் தோண்டும் கை ஒன்றைப் பொருத்திவிட்டால் சொந்த நிலத்து வேலையும் ஆகும், நாலு பேருக்கு வாடகைக்கு ஓட்டிப் பணமும் பார்க்கலாம் என்ற எண்ணம் பலருக்கு வருகிறது. இயல்பான எண்ணம்தான். ஆனால் இதற்காகச் செலவாகும் தொகை ஒரு கலப்பைக்கோ ரோட்டவேட்டருக்கோ ஆகும் தொகையன்று. பல லட்ச ரூபாய் கடன் தலையில் ஏறுகிற காரியம். எனவே வாங்குமுன் எதையெல்லாம் கணக்குப் பார்க்க வேண்டும் என்பதை இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

இந்தக் கருவியை ஊரில் 'டிராக்டர் ஜேசிபி' என்கிறோம். ஜேசிபி என்பது ஒரு நிறுவனத்தின் பெயர். மண் அள்ளும் பெரிய இயந்திரத்தைப் 'பொக்லைன்' என்கிறோமே, அதுவும் ஒரு பிரெஞ்சு நிறுவனத்தின் பெயர்தான். ஜேசிபி நிறுவனத்தார் 1953-இல் இங்கிலாந்தில் முதலில் செய்த பேக்ஹோ, டிராக்டரை அடிப்படையாகக் கொண்டே அமைந்தது. 1979 முதல் அரியானா மாநிலம் பல்லப்கரில் அந்த நிறுவனத்தின் இயந்திரங்கள் செய்யப்படுகின்றன. டிராக்டர் முதுகில் பிறந்த கருவி பின்னால் தனக்கென்று ஓர் உறுதியான அடிச்சட்டம் கொண்ட தனி இயந்திரமாக வளர்ந்தது. ஏன் அப்படி வளர்ந்தது என்று யோசித்தால், நம் கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும்.

லாரிக்கு அடியில் நீளமான இரும்புச் சட்டம் ஒன்று இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பாரத்தை அந்தச் சட்டம் தாங்குகிறது. நம் டிராக்டர்களில் பெரும்பாலானவற்றுக்கு அப்படிச் சட்டம் கிடையாது. எஞ்சின், கிளட்ச் உறை, கியர் பெட்டி, பின் அச்சு உறை ஆகியவற்றை ஒன்றோடொன்று போல்ட்டுப் போட்டு இணைத்திருக்கிறார்கள். அந்த வார்ப்பு உறைகளே டிராக்டரின் முதுகெலும்பு. பின்னால் கட்டிய கலப்பையை இழுக்க இந்த அமைப்பு போதும். ஆனால் பேக்ஹோ இழுக்கிற கருவியன்று. வாளி மண்ணைக் கடிக்கும்போது டிராக்டரின் பின்பாகத்தைத் தூக்கப் பார்க்கும், கீழே அமுக்கும், பக்கவாட்டில் திருகும். இதை ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான முறை செய்யும். அந்தத் திருகல் முழுவதும் வார்ப்பு உறைகள் சேரும் இணைப்புகளில் போய் விழுகிறது. கிளட்ச் உறையில் விரிசல் விட்டு எண்ணெய் கசிந்தால், அன்றைக்குத் தோண்டும் வேலை மட்டுமா நிற்கும்? உழவு வேலையும் சேர்ந்து நின்றுபோகும்.

ஆகவே விலையைக் கேட்பதற்கு முன்னால், இது எப்படிப் பொருத்தப்படுகிறது என்று கேளுங்கள். மூன்று முனை இணைப்பில் மட்டும் மாட்டும் சிறிய பேக்ஹோக்கள் உண்டு. விலை குறைவு, மாட்டுவதும் கழற்றுவதும் எளிது. ஆனால் சுமை முழுவதும் கீழ் இணைப்புக் கைகளின் ஊசிகளிலும் மேல் இணைப்புத் தண்டிலும் விழும். மேல் தண்டு வளைந்தாலோ முறிந்தாலோ பேக்ஹோ முன்புறமாக மடிந்து, அதை இயக்குபவரை டிராக்டரோடு சேர்த்து நசுக்கிவிடக்கூடும். இது விளையாட்டான ஆபத்து அல்ல. இரண்டாவது வகையில், முன் அச்சுத் தாங்கியிலிருந்து பின் அச்சு உறை வரை டிராக்டரின் இருபுறமும் துணைச் சட்டம் ஒன்று ஓடும். தோண்டும் விசையை அந்தச் சட்டம் வாங்கிக்கொள்ளும். வாரத்தில் இரண்டு நாளுக்கு மேல் தோண்டும் வேலை இருக்கும் என்றால், இந்த இரண்டாவது வகையைத் தவிர வேறு எதையும் நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

ஆனால் துணைச் சட்டம் வந்தால் இன்னொரு தொல்லையும் கூடவே வருகிறது. காலையில் கழற்றி உழவுக்குப் போய், மாலையில் மாட்டித் தோண்டலாம் என்பதெல்லாம் நடக்காது. கழற்ற ஆளும் நேரமும் சங்கிலிப் புல்லியும் தேவை. நடைமுறையில் மாட்டியது மாட்டியபடியே இருக்கும். ஆடிப் பட்டத்தில் ஈரம் காயுமுன் உழ வேண்டிய நாளில், உங்கள் டிராக்டர் அடுத்த ஊரில் குழி தோண்டிக்கொண்டிருக்கும். நீங்களோ உழவுக்கு வேறொருவர் டிராக்டரை வாடகைக்குக் கூப்பிட்டுக்கொண்டிருப்பீர்கள். ஒரே டிராக்டர் வைத்திருப்பவர்கள் இதை முதலில் யோசிக்க வேண்டும்.

இனி வேலைத் திறனைப் பார்ப்போம். ஜேசிபிக்கு மணிக்கு இவ்வளவு வாடகை, நம் டிராக்டருக்கு மணிக்கு டீசல் இவ்வளவுதான் என்று இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து மகிழ்ந்துபோகிறவர்கள் அதிகம். அது தவறான ஒப்பீடு. மணியை எண்ணாதீர்கள், மண்ணை எண்ணுங்கள்.

மண்ணை நாம் யூனிட் கணக்கில் பேசுகிறோம். ஒரு யூனிட் என்பது 100 கன அடி. 50 குதிரைத்திறன் டிராக்டரில் பொருத்திய பேக்ஹோவின் வாளி 4 கன அடி கொள்ளும் என்று வைத்துக்கொள்வோம். வாளி ஒவ்வொரு முறையும் நிறையாது, முக்கால் பங்குக்குச் சற்று மேலாக, 3.2 கன அடி வரும். தோண்டி, தூக்கி, திருப்பி, கொட்டி, மீண்டும் வர அரை நிமிடம் ஆகிறது. ஒரு மணி நேரத்தில் நகர்த்துவதும் ஜாக்கிக் கால்களை ஊன்றுவதும் போக 45 நிமிடமே உண்மையான வேலை. ஆக 90 வாளி, 288 கன அடி, ஏறத்தாழ 3 யூனிட். இதே கணக்கை ஜேசிபிக்குப் போடுங்கள். வாளி 9 கன அடி, அதில் 7.2 கன அடி மண். ஒரு சுற்றுக்கு 22 அல்லது 23 விநாடி. 45 நிமிடத்தில் 120 வாளி, 864 கன அடி, ஏறத்தாழ 8.5 யூனிட். அதாவது நம் டிராக்டர் மூன்று மணி நேரம் செய்வதை அது ஒரு மணி நேரத்தில் செய்துவிடும். வாளி பெரியது என்பது மட்டும் காரணமன்று. அதன் எடை ஏழு டன்னுக்கு மேல். நம் டிராக்டர் இரண்டு, இரண்டரை டன். சுக்கான் மண்ணிலும் கெட்டிச் செம்மண்ணிலும் வாளியை அழுத்தினால் மண் உடைவதற்கு முன் டிராக்டர் எழும்பும். விற்பனையாளர் ஓட்டிக் காட்டுகிற இடத்தில் மண் எப்போதும் பொலபொலவென்றுதான் இருக்கும். உங்கள் நிலத்துக்கே, அதுவும் கோடையில் கொண்டுவந்து தோண்டிக் காட்டச் சொல்லுங்கள்.

இப்போது செலவு. இங்கே நான் சொல்லும் ரூபாய்கள் எல்லாம் கணக்கு விளங்குவதற்காக வைத்துக்கொண்டவை. உங்கள் ஊர் விலையைப் போட்டு நீங்களே திருத்திக்கொள்ளுங்கள். ஒரு மணிக்கு டீசல் 4 லிட்டர், லிட்டர் 95 ரூபாய் வீதம் 380 ரூபாய். ஓட்டுநர் கூலி 120. கிரீஸ், ஹைட்ராலிக் எண்ணெய், ஹோஸ், பின், புஷ் தேய்மானம் 100. டிராக்டரின் டயருக்கும் எஞ்சினுக்கும் ஆகும் தேய்மானம் 150. இந்தக் கடைசித் தொகையை யாருமே எழுதுவதில்லை. எழுதாவிட்டால் இல்லையென்று ஆகிவிடுமா? மொத்தம் 750 ரூபாய். 3 யூனிட்டுக்கு 750 என்றால் யூனிட்டுக்கு 250 ரூபாய். ஜேசிபி வாடகை மணிக்கு 1,300 என்று வைத்தால் 8.5 யூனிட்டுக்கு 1,300, யூனிட்டுக்கு ஏறத்தாழ 153 ரூபாய். கருவி வாங்கிய முதலை இன்னும் கணக்கில் சேர்க்கவேயில்லை. அதற்குள்ளாகவே நம் சொந்தக் கருவி தோற்றுவிட்டது.

முதலையும் சேர்த்துப் பார்ப்போம். பண்ணை இயந்திரங்களின் செலவை மதிப்பிட இந்தியத் தர நிறுவனத்தின் வழிகாட்டி 1979 முதல் இருக்கிறது. வேளாண் பொறியாளர்கள் வழக்கமாகக் கையாளும் முறையை ஒட்டியே சொல்கிறேன். கருவியின் விலை 7 லட்சம், உழைக்கும் காலம் 10 ஆண்டு, கடைசியில் விற்றால் பத்தில் ஒரு பங்கு, அதாவது 70,000 கிடைக்கும். ஆண்டுத் தேய்மானம் 63,000. வாங்கிய விலைக்கும் விற்கும் விலைக்கும் சராசரி 3,85,000. அதற்கு 12 சதவீத வட்டி 46,200. காப்பீடு, கொட்டகை வகையில் விலையில் 2 சதவீதம், 14,000. ஆக, கருவி ஓடினாலும் ஓடாவிட்டாலும் ஆண்டுக்கு 1,23,200 ரூபாய் செலவு நிச்சயம்.

பன்னிரண்டு ஏக்கர் தென்னந்தோப்பு வைத்திருக்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவருக்கு ஆண்டில் என்ன தோண்டும் வேலை இருக்கும்? வாய்க்கால் தூர் எடுத்தல், பட்ட மரங்களை வேரோடு எடுத்துப் புதுக் கன்றுக்குக் குழி போடுதல், குழாய்ப் பாதையில் பழுது, எருக்குழி, வரப்புச் சீரமைப்பு. எல்லாம் சேர்த்து டிராக்டர் பேக்ஹோவுக்கு 60 மணி நேரம் என்று தாராளமாகவே போடுவோம். நிலையான செலவு 1,23,200, ஓட்டும் செலவு 45,000. மொத்தம் 1,68,200 ரூபாய். மணிக்கு 2,800 ரூபாய்க்கு மேல் போய்விட்டது. அதே வேலையை ஜேசிபி பாதி நேரத்தில்தான் முடிக்கும் என்று, நம் கருவிக்குச் சாதகமாகவே கணக்கிட்டாலும், 30 மணிக்கு 39,000 ரூபாய். வந்து போகும் செலவு என்று கொஞ்சம் கூடக் கேட்டாலும் கொடுத்துவிடலாம். பன்னிரண்டு ஏக்கரன்று, முப்பது ஏக்கர் இருந்தாலும் சொந்த வேலைக்கு மட்டும் இக்கருவி கட்டுப்படியாகாது என்பதே என் முடிவு.

பண்ணைக் குட்டை வெட்டிக்கொள்ளலாமே என்று நினைப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 30 மீட்டருக்கு 30 மீட்டர், 2 மீட்டர் ஆழம், பக்கங்களில் ஒன்றுக்கு ஒன்று சரிவு. இந்த அளவுக் குட்டையில் ஏறத்தாழ 1,570 கன மீட்டர் மண் உண்டு. நம் கணக்கில் அது 554 யூனிட். டிராக்டர் பேக்ஹோ 185 மணி நேரம் தோண்ட வேண்டும். ஒரு நாளைக்கு 6 மணி என்றால் ஒரு மாதம். அதிலும் நடுக் குட்டை மண்ணைக் கரைக்கு எறிய அதன் கை எட்டாது. ஒரே மண்ணை இரண்டு முறை அள்ள வேண்டிவரும். குட்டைக்குச் சங்கிலிச் சக்கர இயந்திரமே ஏற்றது. மண் அள்ளும் இயந்திரங்களையும் புல்டோசரையும் வேளாண்மைப் பொறியியல் துறையே விவசாயிகளுக்கு வாடகைக்கு விடுகிறது. உழவன் செயலியில் பதிவு செய்யலாம், அல்லது உங்கள் பகுதி உதவிச் செயற்பொறியாளர் அலுவலகத்தில் நேரில் கேட்கலாம். வெளி வாடகையோடு அந்தக் கட்டணத்தை ஒப்பிட்டுப் பார்க்காமல் எந்தக் கருவிக்கும் முன்பணம் கொடுக்காதீர்கள்.

அப்படியானால் இந்தக் கருவி யாருக்குமே ஆகாதா என்று கேட்பீர்கள். ஆகும். எங்கே ஆகும் என்றால், மண்ணின் அளவு குறைவாகவும் இடம் மாற்றுவது அதிகமாகவும் உள்ள வேலைகளில். மூன்றடிக்கு மூன்றடி, மூன்றடி ஆழத் தென்னங்குழியில் இருப்பது 27 கன அடிதான். நம் கருவி நகர்ந்து, கால் ஊன்றி, தோண்டி முடிக்கப் பத்து நிமிடம். மணிக்கு 6 குழி, குழிக்கு 125 ரூபாய். ஜேசிபி மணிக்கு 12 குழி போட்டால் குழிக்கு 108 ரூபாய். யூனிட் கணக்கில் இருந்த பெரிய இடைவெளி இங்கே சுருங்கிவிட்டது பாருங்கள். காய்க்கும் தோப்புக்குள் ஏழு டன் இயந்திரம் திரும்பும்போது மட்டை முறியும், ஈர மண் இறுகும், சொட்டுநீர்க் குழாய் நசுங்கும். டிராக்டர் அந்தச் சந்துகளில் பழகியது. இன்னொன்று, சமயம். ஐப்பசி மழைக்கு முன் ஊரில் உள்ள அத்தனை பேருக்கும் ஒரே வாரத்தில் வாய்க்கால் தூர் எடுக்க வேண்டியிருக்கும். அப்போது இரண்டு மணி நேர வேலைக்கு ஜேசிபிக்காரர் நம் தோட்டத்துக்கு வருவாரா, நாள் முழுக்க வேலையுள்ள இடத்துக்குப் போவாரா? கொடுக்கும் வாடகையைவிட, காத்திருந்த நாட்களில் போன பயிர் அதிகம் என்று சொல்பவர்களின் பேச்சில் நியாயம் இருக்கிறது.

வெறும் குழிதான் உங்கள் தேவை என்றால், பி.டி.ஓ.வில் சுழலும் குழி தோண்டும் திருகு கருவி இருக்கிறது. வேலிக்கால், மரக்கன்று, பழக்கன்று ஆகியவற்றுக்கு அதுவே போதும். விலையும் இதில் சிறு பகுதிதான். சதுரக் குழியும் வாய்க்காலும் அதனால் ஆகாது, அவ்வளவுதான்.

வாடகைக்கு ஓட்டுவதாக இருந்தால் கணக்கு வேறு. ஜேசிபியைவிட வேலை குறைவு என்பதால் மணிக்கு 1,300 கேட்டால் யாரும் தரமாட்டார்கள். 1,000 கிடைக்கிறது என்று வையுங்கள். ஓட்டும் செலவு 750 போக மணிக்கு மிஞ்சுவது 250. ஆண்டின் நிலையான செலவு 1,23,200-ஐ 250-ஆல் வகுத்தால் 493 மணி. நாளைக்கு 6 மணி வீதம் 82 நாள். அந்த 82 நாளும் ஓடினால்தான் நட்டமில்லாமல் நிற்கலாம், இலாபம் அதற்குப் பிறகே. வாடகை 1,100 கிடைத்தால் 352 மணி போதும். நூறு ரூபாய் வித்தியாசத்தில் 140 மணி குறைகிறது. எனவே சுற்றுவட்டாரத்தில் உண்மையில் கிடைக்கக்கூடிய வாடகை என்ன என்பதை, வாங்கி வைத்திருப்பவரிடமே போய்க் கேளுங்கள். விற்பவரிடம் கேட்காதீர்கள். மழைக்காலம், நாற்று நடவுக்காலம், அறுவடைக்காலம் போக உங்கள் ஊரில் எண்பது நாள் வேலை இருக்கிறதா? ஐந்தாறு பேர் கூடி உழவர் குழுவாக வாங்கினால் அந்த எண்பது நாளைச் சேர்ப்பது எளிது. மத்திய அரசின் வேளாண்மை இயந்திரமயமாக்கல் துணை இயக்கம் 2014-15 முதல் வாடகை மையங்களுக்கு உதவி அளித்து வருகிறது. மானியத்துக்கு உரிய கருவிகளின் பட்டியலில் நீங்கள் வாங்கப்போகும் மாதிரி இருக்கிறதா என்று பொறியியல் துறை அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு அறிந்த பின்பே ரசீது போடச் சொல்லுங்கள்.

சட்டப் பக்கமும் ஒரு வார்த்தை. வேளாண் உபயோகத்துக்கென்று பதிவான டிராக்டர் சாலைப் பணியிலோ கட்டட வேலையிலோ ஓடி விபத்து நேர்ந்தால், காப்பீட்டு நிறுவனம் இழப்பீட்டை மறுக்க இடம் உண்டு. பதிவு அலுவலகத்திலும் காப்பீட்டு அலுவலகத்திலும் முன்கூட்டியே விசாரியுங்கள். புது டிராக்டர் உத்தரவாதக் காலத்தில் இருந்தால், இந்தப் பொருத்துதலால் உத்தரவாதம் போகாது என்று டிராக்டர் கம்பெனியின் கடிதம் வேண்டும். வாய்ச்சொல் போதாது. ஏரி, குளத்து வண்டல் மண்ணை உரிய அனுமதி இல்லாமல் எடுக்கக் கூடாது.

இத்தனைக்கும் பிறகு வாங்குவது என்று முடிவு செய்தவர்களுக்குச் சில குறிப்புகள். குறைந்தது 45 முதல் 50 குதிரைத்திறன், பவர் ஸ்டியரிங், இரட்டைக் கிளட்ச் உள்ள டிராக்டராக இருக்கட்டும். ஹைட்ராலிக் பம்பும் எண்ணெய்த் தொட்டியும் தனியாக இருக்க வேண்டும். டிராக்டரின் சொந்த ஹைட்ராலிக் அமைப்பு கலப்பையைத் தூக்கி இறக்கச் செய்தது. அது இந்த வேலைக்குப் போதாது. பல டிராக்டர்களில் அந்த எண்ணெயே கியர் பெட்டிக்கும் பொது என்பதால், ஒன்றில் விழுந்த தூசு மற்றொன்றையும் கெடுக்கும். புதுக் கருவியில் முதல் ஐம்பது மணி நேரம் ஆனதும் ஹைட்ராலிக் வடிகட்டியை மாற்றிவிடுங்கள். உள்ளே மிஞ்சிய உலோகத் துகள் அதில்தான் சிக்கியிருக்கும். பின், புஷ் எல்லாவற்றுக்கும் தினமும் காலையில் கிரீஸ் வையுங்கள். புஷ் தேய்ந்து கை ஆட்டம் கண்ட பிறகு கிரீஸ் வைத்துப் பயனில்லை. நின்ற இடத்திலேயே எஞ்சின் வேகமாக ஓடுவதால் காற்றோட்டம் குறைந்து சூடேறும். ரேடியேட்டரில் அடைந்த தூசியை நாள்தோறும் ஊதி எடுக்க வேண்டும்.

பாதுகாப்பில் சலுகை கிடையாது. கை சுழலும் வட்டத்துக்குள் ஆளோ ஆடு மாடோ இருக்கக் கூடாது. வாளியில் ஆளை ஏற்றித் தேங்காய் பறிப்பதைப் பார்த்திருக்கிறேன். ஒரு ஹோஸ் வெடித்தால் என்ன ஆகும் என்பதை அவர்கள் நினைத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை. மின்கம்பிக்குக் கீழே பூமை உயர்த்தாதீர்கள். கிணற்று ஓரத்திலும் வாய்க்கால் கரையிலும் ஜாக்கிக் கால் ஊன்றும் இடத்தில் பலகை வையுங்கள். இருக்கையை விட்டு இறங்குமுன் வாளியைத் தரையில் இறக்கிவிட வேண்டும்.

பழைய டிராக்டரில் மாட்டலாமா என்று பலர் கேட்பதுண்டு. வீட்டில் இரண்டு டிராக்டர் இருந்து, பழையதன் எஞ்சின் திடமாக இருந்தால், அதையே இதற்கென்று ஒதுக்கிவிடுவது நல்ல யோசனை. உழவு டிராக்டர் உழவுக்கே இருக்கும். ஆனால் மாட்டுமுன் பின் அச்சு உறையிலும் கிளட்ச் உறை இணைப்பிலும் எண்ணெய்க் கசிவு இருக்கிறதா என்று துடைத்துவிட்டுப் பாருங்கள். முன் அச்சின் பேரிங்கும் நடு ஊசியும் ஆட்டம் கண்டிருந்தால் முதலில் அவற்றை மாற்றுங்கள். வார்ப்பில் பற்றவைத்த தழும்பு ஒன்று கண்ணில் பட்டாலும் அந்த டிராக்டரில் பேக்ஹோவைப் பொருத்த வேண்டாம்.